இறக்காத கார்

“வா… வா… கிளட்ச்சை மூச்சு விடுற மாதிரி விடு டிம்ப்னா, தும்முற மாதிரி விடாதே.”

டிம்ப்னா ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கணவனின் விரல்களையே பார்த்தாள். மலாக்கி காருக்கு முன்னால் குனிந்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு பலகைகள், ஓரம் சாய்வாகச் சீவியவை. கார் ஒரே நேரத்தில் நான்கு பலகைகள் மேலும் ஏற வேண்டும். ஏறியதும் நிற்க வேண்டும். ஒரு சாண் கூடப்போனால் மறுபக்கம் இறங்கிவிடும்.

“நிறுத்து!”

அவள் பிரேக்கை மிதித்தாள். கார் லேசாக ஆடி நின்றது.

“தும்மிட்டேனா?”

“இல்ல. செருமினே, அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக்கைப் போடு. கியர்லயே விட்டுடு.”

வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதத்தில், இது நடக்கும். கடல் உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுவிடாமல் துருவைச் சுரண்டி, மெழுகு பூச வேண்டும். அதற்குக் காரைத் தூக்க வேண்டும். தூக்க ஜாக்கி வேண்டும். அந்தச் சிவப்புக் காருக்கு அடியிலோ ஜாக்கி நுழையாது. டீக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால்கூட இடிக்கும். இதற்கு முன் வைத்திருந்தவன் ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கிவிட்டிருந்தான். வாங்கிய அன்று மலாக்கி, “பழையபடி உயர்த்திடலாம், ஒரு வார இறுதி போதும்” என்றான். அது ஏழு வருடத்துக்கு முன்பு. மாதாகோயில் வாசலில் உள்ள வேகத்தடையை இன்றுவரை குறுக்குவாட்டில்தான் தாண்டினார்கள், ஒவ்வொரு சக்கரமாக. பின்னால் மொத்த ஊரும் காத்திருக்கும்.

“பஸ்ல நாள் முழுக்க உயரத்துல உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம் கொஞ்சம் தரையைத் தொட்டுட்டுப் போறேனே” என்பான். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன்.

பலகை கொடுத்த உயரத்தில் ஜாக்கி உள்ளே போனது. டிம்ப்னா இறங்கி வந்து, கம்பளிக் கார்டிகனை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். அவளுடைய வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் எப்போதும் அவள் கடைசிவரை நிற்பாள். அவன் அவசரப்படாதது பார்க்க நன்றாக இருக்கும். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினான். பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தான். முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, ஒரு முடி அளவு ஜாக்கியை இறக்கி, எடை ஸ்டாண்டில் உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்தான். பிறகு பின்பக்கம். கழற்றிய சக்கரங்களை ஓரமாகச் சாத்தி வைக்கவில்லை. நான்கையும் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கவைத்து உள்ளே தள்ளினான்.

“ஸ்டாண்டுதான் இருக்கே?”

“ஸ்டாண்டு மனுஷன் செஞ்சது.”

“சக்கரம்?”

“அதுவும் மனுஷன் செஞ்சதுதான். ரெண்டு மனுஷனும் ஒரே நாள்ல தப்பு பண்ண மாட்டாங்க.”

கடைசியாகக் கதவுக்கு மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, காலை ஊன்றிக் காரைத் தள்ளினான். “விழறதா இருந்தா இப்போ விழு” என்றான் காரிடம். “நான் வெளியில இருக்கும்போதே விழு.”

கார் அசையவில்லை.

“எத்தனை மணிக்குச் சாப்பாடு?”

“ஒண்ணு.”

“ஒண்ணுன்னா ஒண்ணரையா?”

“ஒண்ணுன்னா ஒண்ணு, மலாக்கி கில்டே.”

அவள் உள்ளே போனாள்.

உருளைக்கிழங்கு உரிக்கும்போது சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே வந்து, வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் இருந்தது. மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள், பத்து நிமிடம் என்று. அவன் நிமிரவில்லை. முகம் இந்தப் பக்கம் இல்லையே, பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்து மறுபடியும் தட்டினாள். இரண்டாவது முறை தட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டபோது தொலைபேசியில் ஒரு பெண்குரல் அவரைத் தரையில் மட்டமாகப் படுக்கவையுங்கள் என்றது. அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்து, காரை ஒட்டி, சிமெண்டுத் தரையில் படுக்கவைத்தாள். மார்பில் அழுத்தத் தொடங்கினாள். குரல் எண்ணியது, அவளும் எண்ணினாள். ரோட்டில் ஒரு டிராக்டர் வேகம் குறைந்தது. அதே ஊர் யூனானின் நீல டிராக்டர். அவன் இருக்கையிலிருந்து பாதி எழுந்து சுவருக்கு மேலாகப் பார்த்தான். அதற்குள் ஆம்புலன்ஸின் சத்தம் வளைவில் கேட்டது. அதற்கு வழி விட்டு யூனான் முன்னால் போய்விட்டான்.

அவர்கள் அவனை எடுத்துக்கொண்டு போனபோது அடுப்பில் கிழங்கு வெந்து கரைந்து கஞ்சியாகியிருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். இதயம்தான். வேறு ஒன்றும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

அந்த நேரத்துக்கு வீடு டிம்ப்னாவின் கையை விட்டுப் போயிருந்தது. அயர்லாந்தின் இந்த டொனகாலில் ஒரு வீட்டில் சாவு என்றால் அப்படித்தான். யாரோ புல்லை வெட்டியிருந்தார்கள். யாரோ கேட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்து, “தொடாதே” என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்கள். விளையாட்டுக் கழகத்து நாற்காலிகள் வந்து அடுக்கடுக்காக நின்றன. பக்கத்து வீட்டு கான்செப்டா சமையலறைக்கு நடுவில் நின்று ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது, சொந்த வீட்டில் இருப்பதைவிட அடுத்தவர் சமையலறையில் இன்னும் அதிகாரமாக இருப்பாள்.

“உட்காரு பொண்ணே. இது உன் வீடு இல்ல இன்னைக்கு. இன்னைக்கு நீ விருந்தாளி.”

பத்தரைக்கு மகள் கிரானியா கிளாஸ்கோவிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கையைப் பிடித்து, கோட்டுகள் குவிந்துகிடந்த படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

“மம்மி, என்கிட்ட உண்மையைச் சொல்லு. கார் டாடி மேல விழுந்துச்சா?”

“என்னது?”

“கப்பல்ல வரும்போது மூணு பேர் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. ‘அந்தக் காரை நினைச்சாலே நடுங்குது’ன்னு ஒருத்தி. எனக்காக மறைக்காதே மம்மி. நான் நர்ஸ்.”

டிம்ப்னா கோட்டுகளின் மேல் உட்கார்ந்தாள். காலையில் பால் வாங்கப்போனபோது கடைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது: ஒரு நொடியில முடிஞ்சிருக்கும், அதுதான் ஆறுதல். ஃபாதர் தொலைபேசியில், இப்படி ஒரு விபத்து, என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் வயதாகிவிட்டதால் வார்த்தை தடுமாறுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். காருக்கு அருகில் படுத்துக்கிடந்த ஒரு மனிதனை, பாதி எழுந்து நின்ற யூனான் பார்த்தது இரண்டு நொடி. டிராக்டர் அடுத்து நிற்கும் இடம் கடை வாசல்.

“விழல” என்றாள். “அவன் வெளியில வந்து உட்கார்ந்திருந்தான். நான்தான் இழுத்துப் படுக்கவெச்சேன்.”

கிரானியா அம்மாவின் முகத்தை ஒரு நர்ஸ் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நம்பினாள். தோள் தளர்ந்தது.

“அப்போ வர்றவங்ககிட்ட சொல்லிடுவோம்.”

“எப்படிச் சொல்றது? யாராவது கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்? இங்க எவனும் கேட்க மாட்டான். கையைக் குலுக்குவாங்க, டீ குடிப்பாங்க, வீட்டுக்குப் போய், பாவம், இவ்வளவு வருஷம் பிள்ளைங்களைப் பத்திரமா ஏத்தி இறக்கினவன் சொந்தக் காரை ஒழுங்கா நிறுத்தாம போயிட்டானேன்னு சொல்வாங்க. ஐம்பது வருஷத்துக்குச் சொல்வாங்க, கிரானியா.”

வெளியே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. டிம்ப்னா எழுந்து ஓடினாள்.

மலாக்கியின் தம்பி ஃபெர்கல் கோட்டைக் கழற்றிவிட்டு, ஜாக்கியைக் காரின் முன்பக்கத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். மீன்பிடிப் படகில் வேலை. எதையும் இரண்டே இழுப்பில் முடிக்கிறவன். அருகில் சவ அடக்கம் நடத்தும் டெவெனி கறுப்புக் கோட்டில், கையில் அளவு நாடாவோடு, மன்னிப்புக் கேட்பவர்போல நின்றார்.

“ஜாக்கியை வெளியே எடு, ஃபெர்கல்.”

“எடுக்கிறேன், இறக்கிட்டு எடுக்கிறேன். பத்து நிமிஷம்.”

“அது பத்து நிமிஷத்துல இறங்காது. முதல்ல சக்கரத்தை மாட்டணும். பலகையை மறுபடியும் அடியில வைக்கணும். வைக்காம இறக்கினா ஜாக்கி மேலேயே கார் உட்கார்ந்துடும். அப்புறம் காரும் நகராது, ஜாக்கியும் வராது.”

ஃபெர்கல் ஜாக்கியைப் பார்த்தான், காரைப் பார்த்தான். “அப்படியா” என்றான்.

“அப்படித்தான். ஆனா அதுக்காகச் சொல்லல. அது இப்படியே நிக்கட்டும்.”

டெவெனி தொண்டையைக் கனைத்தார். “மிசஸ் கில்டே, தப்பா நினைச்சுக்காதீங்க. கேட்லேருந்து வாசலுக்கு இருக்கறது இந்த ஒரு வழிதான். காருக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் பக்கவாட்டா போகலாம். பெட்டியைத் தோள்ல வெச்ச ஆறு பேர் போக முடியாது. வேணும்னா எங்க கூடத்துல வெச்சுக்கலாம். இப்போ நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. நல்ல வசதி. கார் நிறுத்தவும் இடம் இருக்கு.”

“அவன் வீட்டுக்குத்தான் வருவான்.”

“அதுக்குத்தானே நான் இந்தச் சனியனை இறக்கலாம்னு…” ஃபெர்கலின் குரல் உயர்ந்தது. “டிம்ப்னா, உனக்கு ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். அண்ணன் வீட்டுக்கு வரணுமா, கார் இங்கேயே நிக்கணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“ஏன்?”

நாற்காலி தூக்கிவந்த இரண்டு பேர் கேட்டுக்கு அருகில் நின்றுவிட்டார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

ஃபெர்கல் நட்டுகள் போட்டுவைத்திருந்த தகர டப்பாவைக் காலால் நகர்த்தினான். அவனுக்கும் தெரியும் என்பதும், அவனும் அதை நம்பியிருந்தான் என்பதும் அவளுக்கு அப்போது புரிந்தது. அண்ணன் இறந்த இடத்தில் நின்று, அண்ணனைக் கொன்ற பொருளைத்தான் அவன் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தப் பார்த்திருக்கிறான்.

“இதை இறக்கிட்டா, விழுந்துச்சா விழலையான்னு அப்புறம் யார் காட்டுறது?” என்றாள். “நேத்து காலையில அவன் எப்படி வெச்சானோ அப்படியே இருக்கு. நான் தொடல. யாரும் தொடல. நீயே பாரு.”

அவன் மண்டியிட்டுப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். எழுந்திருக்கும்போது மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு ஜாக்கியை வெளியே இழுத்தான்.

“சரி. அப்போ பெட்டி எப்படி வரும்? பறந்தா?”

“என் வயல் வழியா வரட்டுமே!” சமையலறை ஜன்னலிலிருந்து கான்செப்டாவின் குரல். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. “சுவர்ல அந்த வாசப்படிக்கு நேரா ஒரு இடைவெளி இருந்துச்சு, எங்க அப்பா மாடு ஓட்டற காலத்துல. கல்லை அடுக்கித்தான் மூடியிருக்கு. சிமெண்டு கிடையாது. எடுத்துட்டு அப்புறம் அடுக்குங்க.”

“உங்க சுவரை இடிக்கச் சொல்றீங்களா?”

“அது தானா இடிஞ்சுட்டுதான் இருக்கு. ஒன்பது வருஷமா உன் புருஷன்கிட்ட சரிபண்ணச் சொல்லிக்கிட்டிருக்கேன். கடைசில அவனுக்காகவே இடிக்கவேண்டியதாப் போச்சு. அவன் எப்பவும் தனக்குச் சாதகமாத்தான் முடிப்பான்.”

நாற்காலி தூக்கிவந்தவர்கள் நாற்காலியை வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கப் போனார்கள். ஒரு மணி நேரத்தில், காருக்கு அப்பால், முன்கதவுக்கு நேர் எதிரே, ஆறு பேர் தோளோடு தோள் உரசாமல் வரக்கூடிய இடைவெளி திறந்திருந்தது. டெவெனி அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். இருபது வருடத்தில் இப்படி ஒரு வழியில் யாரையும் தான் கொண்டுவந்ததில்லை என்றார்; ஆனால் புல் வெட்டியிருப்பது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார்.

மூன்று மணிக்கு மலாக்கி கான்செப்டாவின் வயல் வழியாக வீட்டுக்கு வந்தான். முன்னால் ஃபெர்கலும் கிரானியாவும் தோள் கொடுத்தார்கள். கிரானியா உயரம் குறைவு என்பதால் ஃபெர்கல் முழங்காலை மடித்து மடித்து நடந்தான். முன்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. நகத்தடியில் மட்டும் கொஞ்சம் துரு; எவ்வளவு கழுவியும் போகவில்லை என்று டெவெனி தணிந்த குரலில் சொன்னார்.

“போக வேண்டாம்” என்றாள் டிம்ப்னா.

பெட்டி மட்டும்தான் வயல் வழியாக வந்தது. மற்றவர்கள் கேட் வழியாகத்தான் வர வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக, கோட்டில் பச்சை வண்ணம் படாமல் கேட்டைத் தாண்டி, காருக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டாக வந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது.

முதல் அரைமணி நேரம் யாரும் காரைத் தொடவில்லை. நாய் கட்டியிருக்கும் வீட்டைக் கடப்பதுபோலச் சுவரை உரசிக்கொண்டு போனார்கள். அப்புறம் தபால் அலுவலகத்து பீட்டர் வந்தான். பெருத்த ஆள். பாதி வழியில் சிக்கிக்கொண்டான். முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல், கடைசியில் இரண்டு கைகளையும் காரின் கூரையில் ஊன்றி, முழு எடையையும் அதன்மேல் போட்டு, தன்னைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் திரும்பிப் பார்த்தான். காரில் ஓர் அசைவும் இல்லை. அடுத்து வந்தவன் அதைப் பார்த்திருந்தான். அவன் கதவில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் தோளாலேயே தள்ளினான். உள்ளே வந்து, பெட்டிக்கு அருகில் சிலுவையிட்டு, அவள் கையைப் பிடித்து, “உன் துக்கத்துக்கு வருந்துறேன், டிம்ப்னா” என்றார்கள். ஆனால் குலுக்கிய கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார்கள்.

“டாடியோட பஸ்ல போன பொண்ணுங்க வந்திருக்காங்க மம்மி. அவங்களும் தள்ளிப் பார்த்தாங்க” என்று கிரானியா காதில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. அதோடு யூனான் வந்தான். தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காருக்கு அருகில் வந்ததும் நின்றான். அவன் தள்ளவில்லை. ஈரச் சிமெண்டில் இரண்டு முழங்கால்களையும் ஊன்றி, தலையைத் தரைக்குக் கொண்டுபோனான். நான்கு மூலைகளிலும் அதேபோல் மண்டியிட்டுப் பார்த்தான். முன்னறைக்கு வந்தபோது அவனுடைய நல்ல பேண்ட் முட்டியில் கறுத்திருந்தது.

“உன் துக்கத்துக்கு…” என்று தொடங்கி நிறுத்தினான். “நாலு சக்கரத்தையும் அடியில போட்டிருக்கான்.”

“எப்பவும் போடுவான்.”

“ஸ்டாண்டு வேற.”

“ஸ்டாண்டு வேற.”

“நான் டிராக்டர்ல இருந்து பார்த்தப்போ அவன் படுத்திருந்தான்.”

“நான் படுக்கவெச்சேன், யூனான். உட்கார்ந்துதான் இருந்தான். இதயம்.”

அவன் பெட்டியைப் பார்த்தான். அந்தக் கீறலில்லாத முகத்தை அவனால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. கான்செப்டா டீயும் ஹாம் சாண்ட்விச்சும் வைத்த தட்டை நீட்டினாள்.

“இல்ல, வேண்டாம்.”

கான்செப்டாவின் புருவம் ஏறியது. சாவு வீட்டில் டீயை வேண்டாமென்று சொன்னவனை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. “வேண்டாமா? என்ன, உடம்பு சரியில்லையா?”

“கடை ஆறு மணிக்கு மூடிடும்” என்றான் யூனான், டிம்ப்னாவைப் பார்த்து. “அதுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன். ஃபாதரையும் பார்க்கணும்.”

தொப்பியைக்கூடத் தலையில் போடாமல் மழையில் இறங்கினான். சற்று நேரத்தில் டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

டிம்ப்னா எழுந்தாள். கால் மரத்திருந்தது. நாற்காலியில் கிரானியாவை உட்காரவைத்துவிட்டு, மேஜைத் துணியை உதறிக்கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள். வாசற்படி விளிம்பில் நின்று துணியை உதறினாள். ரொட்டித் துணுக்குகள் மழையில் விழுந்து கரைந்தன. வயலில் எடுத்துப்போட்ட கற்கள், கேட்டின் புதுப் பச்சை, உள்ளே கொண்டுபோகாமல் விட்ட இரண்டு நாற்காலிகள், எல்லாவற்றின் மேலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. காரின் கூரையில் மழை தகரத்தில் அடிப்பதுபோல அடித்தது.

அவள் ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மெதுவாகக் குனிந்து, காருக்கு அடியில் பார்த்தாள். புதிய துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியை விரித்து அதன்மேல்தான் அவன் படுத்திருந்தான். அட்டை அங்கேயே கிடந்தது. நடுவில் முதுகு பட்டு அழுந்திய இடம் லேசாகக் குழிந்திருந்தது.

அதன்மேல் ஒரு சொட்டு விழவில்லை.